யாரும் கொடுக்காத விலை

ஜவுளிக்கடையில் ஒரு சட்டையில் தொங்கும் அட்டையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே ரூ.1,999 என்று அச்சிட்டு அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். கீழே பெரிய எழுத்தில் ரூ.999. பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ‘50% தள்ளுபடி’. வாங்க வந்தவரின் கண் முதலில் வட்டத்துக்குப் போகிறது, பிறகு அடித்த விலைக்கு, கடைசியில்தான் கொடுக்க வேண்டிய தொகைக்கு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்ற நிறைவோடு சட்டை கூடைக்குள் விழுகிறது. அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சட்டையை ரூ.1,999 கொடுத்து இதற்கு முன் யாராவது வாங்கியிருக்கிறார்களா? வாங்கியிருந்தால் அது தள்ளுபடி. வாங்கவே இல்லையென்றால் ரூ.999தான் அந்தச் சட்டையின் விலை, அவ்வளவுதான். மிச்சமானதாகச் சொல்லப்படும் ஆயிரம் ரூபாய் ஒருநாளும் இருந்ததில்லை. இந்தக் கேள்விக்குக் கடைக்காரரைப் பதில் சொல்ல வைக்கும் தெளிவான அளவுகோல் இன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. அது வந்தாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தள்ளுபடி என்றாலே ஏமாற்று என்று சொல்வது நியாயமல்ல. ஜவுளி வியாபாரத்தில் விலையைக் குறைக்க உண்மையான காரணங்கள் உண்டு. ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க யாரும் வருவதில்லை. வாடகை, சம்பளம், சரக்குக்கு வாங்கிய கடனின் வட்டி ஆகியவை மட்டும் நிற்பதில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கு அலமாரியைக் காலி செய்ய வேண்டும். ரெடிமேடில் நடுத்தர அளவுகள் விற்றுப்போய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் தேங்கி நிற்கும். போன ஆண்டு ஓடிய டிசைன் இந்த ஆண்டு ஓடாது. இப்படித் தேங்கியதை அடக்க விலைக்கே தள்ளிவிட்டாலும் கடைக்கு லாபம்தான், ஏனென்றால் முடங்கிய பணம் கைக்கு வருகிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்கு 30% தள்ளுபடி அறிவிப்பதற்கும் வெளிப்படையான நோக்கம் உண்டு: நெசவாளர் நெய்தது தேங்காமல் விற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொதுவானது, குறைப்பதற்கு முன்னால் உண்மையான ஒரு விலை இருந்தது என்பதுதான். கேள்விக்குரியது, குறைத்துக் காட்டுவதற்காகவே ஏற்றி எழுதப்படும் விலை.

அட்டையில் எதை எழுதினால் என்ன, கொடுக்கும் பணம் ஒன்றுதானே என்று தோன்றலாம். மனித மனம் அப்படி வேலை செய்வதில்லை. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையை விவரித்தார்கள். 0 முதல் 100 வரை எண்கள் எழுதிய சக்கரத்தை ஆட்களின் கண் முன்னே சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுத்தரமான பதில் 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் பதில் 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதில் முளையடித்துவிட்டது. அதற்குப் பிறகான யோசனையெல்லாம் அந்த முளையைச் சுற்றியே நடந்தது. தொடர்பே இல்லாத எண் இவ்வளவு செய்யுமானால், அதே சட்டையின் மீது அதன் விலை என்றே எழுதப்பட்ட எண் எவ்வளவு செய்யும்? எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற சந்தை ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: விலையை ஒரு காசு கூடக் குறைக்காமல், பக்கத்தில் ‘தள்ளுபடி விற்பனை’ என்று எழுதினாலே வாங்குவோர் எண்ணிக்கை பாதிக்கும் மேல் கூடலாம். மகளிர் உடைகளை வைத்து அவர்கள் நடத்திய வேறொரு சோதனையில் 34 டாலருக்கு வைத்ததைவிட 39 டாலருக்கு வைத்த உடை அதிகம் விற்றது. 99இல் முடியும் ‘பாட்டா விலை’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்றப் பொருள்களைவிடத் துணியில் இந்த உத்தி ஆழமாக வேலை செய்ய ஒரு காரணம் இருக்கிறது. அரிசியை உதிர்த்துப் பார்த்துத் தரம் சொல்பவர்கள்கூடத் துணியைத் தொட்டுப் பார்த்து அது முழுப் பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா, பத்துச் சலவைக்குப் பிறகு சாயம் நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டில் இது இன்னும் கடினம். அதனால்தான் சுத்தப் பட்டுக்குச் சான்றாக ‘சில்க் மார்க்’ முத்திரை தேவைப்பட்டது. தரத்தைத் தானே அளக்க முடியாதவர் விலையை வைத்துத் தரத்தை ஊகிக்கிறார். ரூ.6,000 புடவை என்றால் ரூ.6,000க்கான நூலும் உழைப்பும் அதில் இருக்கும் என்று நம்புகிறார். அது இன்று ரூ.2,400க்குக் கிடைக்கும்போது, உயர்ந்த ரகத்தைக் குறைந்த விலைக்கு எடுத்ததாக மகிழ்கிறார். அடித்துக் காட்டிய விலை பொய்யென்றால் அவர் எடுத்தது ரூ.2,400 ரகப் புடவைதான். ஆக, போலித் தள்ளுபடி விலையைப் பற்றி மட்டும் பொய் சொல்வதில்லை; பொருளின் தரத்தைப் பற்றியும் சேர்த்தே பொய் சொல்கிறது.

இந்தப் பொய்க்கு நம் நாட்டில் ஒரு சட்டபூர்வமான முகம் கிடைத்திருப்பதுதான் வேதனை. அதன் பெயர் எம்ஆர்பி, அதாவது அதிகபட்ச சில்லறை விலை. ஒரு காலத்தில் பொட்டலத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று எழுதிவிடுவார்கள். வரி என்ற பெயரில் கடைக்காரர் கேட்டதே கணக்கு. அதைத் தடுக்கத்தான் எல்லா வரிகளும் அடங்கிய உச்ச விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் கொண்டுவரப்பட்டது. வாங்குபவரைக் காக்க எழுப்பிய கூரை அது. ஆனால் அந்தக் கூரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஆடைகளுக்கு யாரும் வரம்பு வைக்கவில்லை. தயாரிப்பாளர் தமக்குத் தோன்றிய தொகையை அச்சிடலாம். ரூ.700க்கு விற்கத் திட்டமிட்ட சட்டையில் ரூ.1,400 என்று அச்சிட்டால் அந்த எண்ணில் மட்டும் பிழை காண முடியாது, ஏனென்றால் அதற்கு மேல் யாரும் விற்கவில்லை. பிறகு அதையே தொடக்கமாக வைத்து ‘எம்ஆர்பியில் 50% தள்ளுபடி’ என்று பலகை எழுதுகிறார்கள். அதிக விலையிலிருந்து காப்பாற்றப் பிறந்த எண், ஆண்டு முழுவதும் பொய்த் தள்ளுபடி காட்டும் எண்ணாகிவிட்டது.

இந்தக் கணக்கில் வரியும் புகுந்தது. எம்ஆர்பியில் வரி அடங்கியிருக்கிறது. அதிலிருந்து தள்ளுபடியைக் கழித்தபின், மீதித் தொகை மீது மறுபடியும் வரி போட்டுப் பில் கொடுக்கும் வழக்கம் பல கடைகளில் இருந்தது. உட்லேண்ட் கடைகளை நடத்தும் ஏரோ கிளப் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2017 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் இதை நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. விளம்பரத்தில் சொன்ன சதவீதத்தை நம்பி வந்தவர் அந்தச் சதவீதம் முழுவதையும் பெற வேண்டும். வரியைத் தனியே சேர்த்தால் அவருக்குக் கிடைப்பது சொன்னதைவிடக் குறைந்த தள்ளுபடி. பலருக்கும் இந்தத் தீர்ப்பு தெரியாததால்தான் கேஷ் கவுண்டரில் கூடுதலாகக் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பலகைகளின் மற்றக் கணக்குகளையும் போட்டுப் பார்க்கலாம். ‘50% + 20%’ என்பது 70% அல்ல. ரூ.1,000 பாதியாகி ரூ.500 ஆகும், அந்த ரூ.500இல் 20% போனால் ரூ.400. மொத்தத் தள்ளுபடி 60%. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் மூன்றுக்கு இரண்டின் பணம். தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு, அதுவும் மூன்று சட்டை தேவைப்படுபவருக்கு மட்டும். ரூ.3,000க்கு எடுத்தால் ரூ.1,000 கூப்பன், அந்தக் கூப்பனை அடுத்த முறை இன்னொரு ரூ.3,000க்கு எடுக்கும்போதுதான் கழிக்க முடியும் என்றால், ரூ.6,000 சரக்குக்கு ரூ.5,000 கொடுக்கிறீர்கள், தள்ளுபடி ஆறில் ஒரு பங்கு. ‘50% வரை’ என்ற பலகையில் ஐம்பது ஆள் உயரத்தில் நிற்க, ‘வரை’ ஒரு மூலையில் விரற்கடை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடையில் ஒரே ஒரு அடுக்கு கைக்குட்டைக்கு 50% இருந்தாலே பலகை பொய்யில்லை என்று வாதாடுவார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன: விளம்பரத்தின் நிபந்தனைக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே மொழியிலும் எழுத்துருவிலும், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அழைக்க மட்டும் ஒரு மலிவு விலையை அறிவித்துவிட்டுப் போதிய சரக்கு வைக்காமல் வேறொன்றை விற்பதையும் அந்த நெறிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. நட்சத்திரக் குறி போட்டு ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்புக்கு இனி இடமில்லை.

இதற்கு வியாபாரிகள் தரப்பில் வைக்கப்படும் முதல் மறுப்பு: வாங்கியவர் விலையைப் பார்த்து, சம்மதித்து, சட்டையையும் எடுத்துக்கொண்டு போகிறார், அவருக்கு என்ன நஷ்டம்? அமெரிக்காவில் இதே வாதம் நீதிமன்றம் ஏறியது. கோல்ஸ் என்ற பெரிய கடைத்தொடரில் போலியான ‘அசல் விலை’யை நம்பித் துணிகளும் பயணப்பெட்டியும் வாங்கியதாக ஒருவர் தொடுத்த வழக்கை, பணத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டதால் இழப்பே இல்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அதை மாற்றியது. அந்தத் தள்ளுபடியை நம்பியிராவிட்டால் அவர் வாங்கியிருக்கவே மாட்டார் அல்லது அந்த விலை கொடுத்திருக்க மாட்டார் என்றால், அதுவே பண இழப்புதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் அன்றாடத்திலும் அந்த நஷ்டம் தெளிவாகத் தெரிவதே. பாதி விலை என்று நம்பியவர் பக்கத்துக் கடையில் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார். ஒரு சட்டை எடுக்க வந்தவர் மூன்று எடுக்கிறார். தீபாவளிக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், தேவைப்படாத துணியில் முடிகிறது. இன்னொரு நஷ்டம் கடைக்கு வெளியே நடக்கிறது. அடக்க விலையோடு நியாயமான லாபம் வைத்து ரூ.900 என்று எழுதும் கடைக்காரரின் சட்டை, ரூ.1,999ஐ அடித்து ரூ.999 என்று எழுதிய சட்டைக்கு அருகில் மட்டமானதாகத் தோன்றுகிறது. நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்த கைத்தறிப் புடவையை 70% தள்ளுபடியில் யாராலும் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்க முடியாதவர் கொள்ளை லாபக்காரர் என்ற எண்ணத்தைப் பொய்ப் பலகைகள் வளர்த்துவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: மக்களுக்கே தள்ளுபடிதான் பிடிக்கிறது, உள்ள விலையை நேராகச் சொன்னால் கடைக்கு வர மாட்டார்கள். இதற்கு ஜேசி பென்னியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அமெரிக்காவின் அந்தப் பழைய கடைத்தொடரில் விற்றதில் பெரும்பகுதி பாதிக்கும் மேலான தள்ளுபடியில்தான் விற்றுவந்தது. அதாவது அட்டை விலை பெயருக்குத்தான் இருந்தது. ஆப்பிள் கடைகளை வளர்த்த ரான் ஜான்சன் பொறுப்பேற்று, 2012 பிப்ரவரியில் அந்த ஏற்ற இறக்க நாடகத்தை நிறுத்தினார். கூப்பன் கிடையாது, எந்நாளும் ஒரே குறைந்த விலை என்றார். அந்த ஒரே ஆண்டில் விற்பனை கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார். கடை பழைய முறைக்கே திரும்பியது. பொய்தான் மக்களுக்கு வேண்டும் என்பதற்கு இது நிரூபணமா? மற்றக் கடைகளெல்லாம் ஏற்றிய விலையை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கடை மட்டும் உண்மை விலையை எழுதினால், ஒப்பிட வழியில்லாத வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்த ஒரு கடையில் மட்டும் தள்ளுபடி இல்லை. அதனால் தோற்றது நேர்மையல்ல, தனித்து நின்ற நேர்மை. அதே நிறுவனம், போலி அசல் விலை காட்டியதாகக் கலிபோர்னியா வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 2015இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு கடையின் நல்லெண்ணத்தால் இது தீராது. எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும் விதிதான் நேர்மையானவரைத் தனிமையிலிருந்து காப்பாற்றும்.

அப்படிப்பட்ட விதி உலகில் புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலை குறைப்பு என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாள்களில் அதே பொருளைத் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். தள்ளுபடிக்கு முதல்வாரம் விலையை ஏற்றிவிட்டு மறுவாரம் இறக்கும் தந்திரம் இதனால் செத்துப்போகிறது. அந்த 30 நாள் விலையைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் வேறொரு உயர்ந்த விலையிலிருந்து கணக்கிட்ட ஆல்டி கடைத்தொடர் தொடர்பான வழக்கில், சதவீதத்தையே அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. நம்முடைய 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கொள்கையளவில் இதைத்தான் சொல்கிறது: ஒரு பொருள் வழக்கமாக விற்கப்படும் விலை குறித்து மக்களைத் தவறாக வழிநடத்துவது நியாயமற்ற வணிக முறை. தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க வழி உண்டு. இல்லாதது அளவுகோல். வழக்கமான விலை என்றால் எத்தனை நாள் விற்ற விலை? எந்தக் கடையில் விற்ற விலை? இதைச் சட்டம் எண்ணால் சொல்லாதவரை, எம்ஆர்பியைக் காட்டி யாரும் தப்பிவிடலாம். ஆடைத் தள்ளுபடியை எம்ஆர்பியிலிருந்து கணக்கிடக் கூடாது, கடை முந்தைய 30 நாள்களில் உண்மையில் விற்ற குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்ற ஒற்றை வரி அந்த ஓட்டையை அடைக்கும்.

நடைமுறைச் சிக்கல் என்பார்கள். வாரம் ஒரு டிசைன் வரும் தொழிலில் 30 நாள் விலைக்கு எங்கே போவது? பதில் எளிது: முன்பு விற்காத பொருளுக்குத் தள்ளுபடி என்று சொல்லத் தேவையே இல்லை. ரூ.999 என்று மட்டும் எழுதி விற்கலாம். மலிவாக விற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை, மலிவாக்கியதாகப் பொய் சொல்வதைத்தான் தடுக்கிறது. சின்னக் கடைக்காரருக்குச் சுமை என்பதும் முழு உண்மையல்ல. நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கும் கடைகள் ஒவ்வொரு பொருளையும் பார்கோடு போட்டு, எந்த நாள் எந்த விலைக்கு விற்றோம் என்பதைக் கணினியில் வைத்திருக்கின்றன. விதியை அவர்களிடமிருந்து தொடங்கலாம். பேரம் பேசும் நம் பழக்கமும் இதே ஏற்றிச் சொல்லும் விலைதானே என்று சிலர் கேட்கலாம். சௌகார்பேட்டைச் சந்தில் கடைக்காரர் முதலில் சொல்வது கேட்கும் விலை என்பது இருவருக்கும் தெரியும். ‘என்னம்மா இந்த விலை சொல்றீங்க’ என்று பாதியில் இறங்கிப் பேச வாங்குபவருக்கு வாய் இருக்கிறது. ‘ஒரே விலை’ என்று எழுதிய ஏசி ஷோரூமில் அந்த வாயை அடைத்துவிட்டு, ஏற்றிய விலையையும் கடைக்காரரே சொல்லி, இறக்கிய விலையையும் அவரே சொல்கிறார். அங்கே நடப்பது பேரமல்ல.

விதி வரும்வரை வாங்குபவர் கையில் சில வழிகள் இருக்கின்றன. அடித்த விலையையும் சதவீதத்தையும் விட்டுவிட்டு, இந்தத் துணிக்கு இந்தத் தொகை தகுமா என்று மட்டும் பாருங்கள். துணியின் கலவை, தையல், அளவு ஆகியவை அட்டையைவிட அதிகம் சொல்லும். அச்சிட்ட விலையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக் கவனியுங்கள். பொட்டலமாக வரும் பொருளில் விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது. ஏற்றி ஒட்டுவது குற்றம். விளம்பரத்தையும் பலகையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தராமலிருப்பதையும் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. சொன்ன தள்ளுபடி பில்லில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கியதற்கான புகாருக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.

ஆனால் ஒவ்வொரு சட்டைக்கும் வாங்குபவரே துப்பறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எடைக் கல்லைச் சோதிக்கும் வேலையை நாம் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் விட்டுவிடவில்லை. கல்லில் அரசின் முத்திரை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். விலையும் ஓர் அளவைதான். குறைந்த சம்பளத்தில் குடும்பத்துக்கே புதுத் துணி எடுக்கும் தாய் ‘50%’ என்ற பலகையைப் பார்க்கும்போது, அதன் மறுபாதியும் உண்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமைக்கு ஓர் எண்ணைக் கொடுப்பது மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரே அறிவிக்கையில் செய்துவிடக்கூடிய வேலை. நேர்மையாக விற்கும் ஜவுளிக்காரர்களின் சங்கங்கள் அதைத் தாங்களே முன்வந்து கேட்க வேண்டும். அந்த விதியால் முதலில் நிமிர்ந்து நிற்கப் போவது அவர்களுடைய கடைதான்.